அமாவாசையில் பார்த்த வீடு

அப்பா,

இன்று காலை தலையணை உறையை மாற்றும்போது ஓரத் தையல் விட்டு, இலவம் பஞ்சு கட்டிலெங்கும் பறந்தது. மூக்கில் ஏறித் தும்மித் தீர்த்தேன். அந்தக் காய்ந்த வாசனைக்கு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது. நீ போய் இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை. சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்தபடி இருந்தார். நீ அவருக்கும் தலையாட்டினாய், எனக்கும் தலையாட்டினாய். கடைசியில் ஒரு கெடு வைத்தாய். "காலேஜ் தொறக்க ஒரு மாசம் இருக்குது. இப்பவே போயி ரூம் எடுத்துத் தங்கு. ஒண்டியா சமாளிக்க முடிஞ்சா படி. முடியலன்னா பேசாம வந்துடு, மாமனுக்கு வாக்கு குடுத்துடறேன்."

பி.ஏ. பொருளாதாரத்தைத் தமிழில் படித்தவள் நான். எம்.ஏ. முழுக்க இங்கிலீஷ். அந்த ஒரு மாதத்தில் தடித்தடியான பொருளாதாரப் புத்தகங்களை எழுத்துக் கூட்டியாவது படித்துவிட வேண்டும். எனக்குத் தேவை அமைதியான ஓர் அறை, அவ்வளவுதான். அதை உன்னிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

நீ நாள் பார்த்தாய். ஆனி அமாவாசை, நிறைஞ்ச நாள். அன்றைக்கு நம் ஊரில் ஏர் பூட்ட மாட்டார்கள், மாட்டுக்கும் லீவு, உனக்கும் லீவு. தலையில் என் டிரங்குப் பெட்டி, கையில் நம் இலவ மரத்துப் பஞ்சில் அம்மா தைத்த தலையணை. ஆரணியில் பஸ் மாறி, காஞ்சிபுரத்தில் இறங்கியதும் ஒரு தரகரைப் பிடித்தாய்.

முதலில் பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் பக்கம் ஒரு மாடி அறை. நான் ஏறிப் பார்த்தேன், காற்று அள்ளிக்கொண்டு போனது. தெருவெல்லாம் அமாவாசைக் கூட்டம், மேளச் சத்தம். "இந்த ரோதனைல எங்க படிக்கிறது?" என்று படியேறாமலே திரும்பினாய். தரகர், "தினமும் இப்படி இருக்காதுங்க" என்று கெஞ்சினார். நீ கேட்டால்தானே! அடுத்தது திருப்பருத்திக்குன்றம். ஜைனக் குடும்பம், வாசலில் வேப்பமரம், பின்கட்டில் தனி அறை. எனக்கு அங்கேயே பாயை விரித்துவிடலாம் போலிருந்தது. நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். "ஒரு ஈ காக்கா இல்ல. அவசரத்துக்குக் கூப்பிட்டா யாரு வருவா?" என்றாய். சத்தம் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம். வெயிலில் உன் பின்னால் நடந்தே என் செருப்பு அறுந்தது.

பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தெருவே கழுவி விட்டதுபோல் அமைதியாக இருந்தது. தரகர் காட்டிய வீட்டின் முன்கூடத்தில் மூன்று தறிகள், மேலே பழைய வேட்டி போர்த்தி, விபூதி பூசி, கற்பூரம் காட்டி வைத்திருந்தார்கள். கூடத்தை ஒட்டினாற்போல் எனக்கான அறை. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். "தறி இருக்குதேப்பா" என்றேன். நீ சிரித்தாய். "பட்டு நூலும்மா. பூ மாதிரி இருக்கும். இதுல இன்னா சத்தம் வரப்போவுது?"

வீட்டுக்காரம்மாவிடம், "இங்க சத்தம் கித்தம் எதுனா உண்டா?" என்று கேட்டாய். அந்தம்மாவுக்கு உண்மையாகவே ரோஷம் வந்துவிட்டது. "எங்க வூட்லயா? ஒரு சண்டை, ஒரு கூச்சல் கெடயாதுங்க. அக்கம் பக்கம் கேட்டுப் பாருங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கும் தறியை யார் சத்தம் என்று நினைப்பார்கள்? நீ அந்த இடத்திலேயே பேசி முடித்தாய். பஸ் ஏறும்போது, "எவ்ளோ அமைதியான வூடு பாத்தேன் பாத்தியா!" என்று என் வாயைப் பார்த்தாய். ஆமாம்பா என்று சொல்லவேண்டுமாம். எனக்குக் கால் வலி. சொல்லவில்லை.

மறுநாள் விடிவதற்குள் என் தலைமாட்டில் சுவர் அதிர்ந்தது. டடக், டடக் என்று ஒரு தறி. அது மூச்சு விடுவதற்குள் அடுத்தது, அப்புறம் மூன்றாவது. பக்கத்து வீட்டில், எதிர்வீட்டில், தெரு முழுக்க. பெட்டிமேல் வைத்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. வெளியே ஓடிவந்து கேட்டால் வீட்டுக்காரம்மா சாவதானமாகச் சொன்னார்: "நேத்து அமாவாசைம்மா. அமாவாசைக்கு யாரும் தறியில உக்கார மாட்டோம்."

அந்தத் தெருவில் மாதத்துக்கு ஒரே ஒரு நாள் அமைதி. உன் மாட்டுக்கும் அவர்கள் தறிக்கும் ஒரே நாளில் லீவு விழுந்து, அதைப் பார்த்து நீ எனக்கு வீடு பிடித்திருக்கிறாய்! அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்து நல்ல மாடி அறையைத் தள்ளினாய். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதுவும் முட்டாமலே அதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த மாதம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கோயில் பிராகாரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? வூட்ல சண்டையா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் விசாரித்தார்கள். வாசகசாலையில் ஆண்கள் பேப்பரை இறக்கிவிட்டு என்னையே படித்தார்கள். ஒருநாள் வெட்கத்தை விட்டு வீட்டுக்காரரிடம், "கொஞ்சம் மெதுவா அடிக்க முடியுமாண்ணா?" என்று கேட்டேன். அவர் பாவம், நிஜமாகவே யோசித்துவிட்டு, "மெதுவா அடிச்சா சேலை தொளதொளன்னு பூடும்மா" என்றார். ஒரு பக்கத்தை ஒன்பது தரம் படித்தும் தலையில் ஏறவில்லை. நீ வரட்டும், வந்ததும் கையோடு வேறு வீடு பார்க்க வைக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வந்தாயே, எப்போது? ஆடி அமாவாசைக்கு!

தறிகள் வேட்டி போர்த்திக்கொண்டு நல்ல பிள்ளைகளாக நின்றன. வீட்டுக்காரர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நீ கூடத்தில் துண்டை விரித்து மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "ராஜா வூடு!" என்றாய். நான் பொரிந்து தள்ளினேன்.

"எங்கம்மா சத்தம்? காட்டு."

"இன்னிக்கு அமாவாசைப்பா!"

"அமாவாசைன்னா தறி வாயை மூடிக்குமா? ஊட்டு நெனப்பு வந்துடுச்சு ஒனக்கு. அதைச் சொல்லேன். சரி, பெட்டியை எடு, போலாம்."

நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மறுநாள்தான் காலேஜ் திறக்கிறார்கள். நல்லவேளையாக அன்றைக்குப் பஸ்ஸெல்லாம் கூட்டம் பிதுங்கியது. வேறு வழியில்லாமல் நீ தங்கினாய். வீட்டுக்காரர் உனக்குக் கூடத்தில், தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டார். விடியட்டும் என்று சந்தோஷமாகப் படுத்தேன்.

விடிந்தது. முதல் அடிக்கே நீ வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாய். மூன்று தறியும் ஓட, இடுப்பு வேட்டியைப் பிடித்தபடி நடுக்கூடத்தில் நின்றாய். நான் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு உன் வாயைப் பார்த்தேன். தப்புப் பண்ணிட்டேம்மா என்று ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன்.

நீ என் அறைக்குள் போய் டிரங்குப் பெட்டியைத் தூக்கினாய். "இதுலயா ஒரு மாசம் கெடந்தே? வேணாம்மா. இது நமக்கு ஒத்து வராது. கெளம்பு, ஊருக்குப் போலாம்."

வேறு வீடு பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. கெடுதான் ஞாபகம் இருந்தது. ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்த நியாயமெல்லாம் எனக்கே எதிராகத் திரும்பிவிட்டது. பெட்டியின் இன்னொரு பிடியை நான் பிடித்துக்கொண்டேன். சத்தத்தில் கத்திக் கத்திச் சொன்னேன்: "எந்த சத்தம்ப்பா? எனக்குப் பழகிடுச்சு. இது இல்லாட்டி இப்பல்லாம் தூக்கமே வர்றதில்ல!"

முந்தின நாள் மத்தியானம் சத்தம் சத்தம் என்று பொரிந்து தள்ளிய அதே வாய். நீ பெட்டியை இறக்கி வைத்தாய். "டைமாவுது. காலேஜுக்குப் போ" என்றாய். அவ்வளவுதான்.

சாயங்காலம் நான் திரும்பியபோது நீ இல்லை. பொருளாதாரப் புத்தகத்தின் மேல் உன் துண்டிலிருந்து கிழித்த முனை ஒன்று முடிச்சுப் போட்டு இருந்தது. பிரித்தேன். காதுக்கு அளவாக உருட்டிய இரண்டு இலவம் பஞ்சு உருண்டைகள். தலையணையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மூலையைப் பிரித்து, சாக்கு தைப்பது போல் கோணல்மாணலாக மறுபடி தைத்திருந்தாய். "உங்கப்பா ஊசி கேட்டாரும்மா. இன்னாத்துக்குன்னு கேட்டா வாயே தொறக்கல" என்றார் வீட்டுக்காரம்மா. அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

அந்தப் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டுதான் எம்.ஏ.வை முடித்தேன். அந்த இரண்டு வருஷமும் நீ அமாவாசைக்கு அமாவாசை வந்தாய். துண்டை விரித்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "எவ்ளோ அமைதியான வூடு பாத்தேன் பாத்தியா" என்பாய். பஞ்சைப் பற்றி மூச்சு விடமாட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் ஒருநாள் அதையே சொன்னாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் ஆமாம்பா என்று சொல்லவில்லை.

தலையணையைத் தைத்துவிட்டேன். எனக்கும் கோணலாகத்தான் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, காலண்டரில் நாளைக்கு அமாவாசை. நீ வந்து பஞ்சைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லேன். நானும் ஆமாம்பா என்று சொல்லிவிடுகிறேன்.