மாப்பிள்ளையின் தோல்பை

1979 ஐப்பசி 14, புதன்.

மாப்பிள்ளையோட ஆபீஸ் தோல்பையில வார் பிஞ்சிருந்தது. "செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுத்துத் தைச்சுக்கறேன் அத்தை"ன்னார். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. எத்தனை மல்லாட்டைக் கடலை மூட்டை தைச்ச கை இது! பையை மடியில வெச்சு, கோணி ஊசியை அழுத்தி அழுத்திக் குத்தி, மெழுகு தேய்ச்ச நூலால ரெட்டைத் தையல் போட்டேன்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மாப்பிள்ளை வந்து பையை இழுத்தார். கூடவே நானும் எழுந்தேன்.

"பையை விடுங்க அத்தை."

"நான் எப்பவோ விட்டுட்டேன் மாப்பிள்ளை."

பார்த்தா, என் தீபாவளிப் புடவை முந்தானையையும் சேர்த்துத் தைச்சிருக்கேன். மக சிரிச்சுக்கிட்டே கத்தரியோட ஓடி வந்தா.

"அடியே, தையல்ல கை வைக்காதே. புடவையை வெட்டு!"ன்னேன்.

பையில அரக்குக் கலர் முந்தானைத் துண்டு தொங்கத் தொங்கத்தான் பஸ் ஏறினார். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். என்னையே தூக்கியும் என் தையல்ல ஒரு இழை விடலையே.