செத்தவன் குடித்த கஞ்சி

ஆவடி,
6.8.1989

அன்புள்ள (பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அடித்துவிட்டுப் படி) கிறிஸ்துராஜுக்கு,

நேற்று அம்பத்தூரில் உன் புதுப் படம் பார்த்தேன். இன்னும் குமட்டுகிறது. கதாநாயகன் உதைக்கிறான், நீ பல்டி அடித்துச் சாணிக் குட்டையில் விழுகிறாய். எழுந்து, கையிலிருந்த வாழைப்பழத்தை விடாமல் தின்கிறாய். சாணியோடு! தியேட்டரே விசிலடித்தது. என் சொந்த மனைவி கஸ்தூரி, இருபது வருஷமாக என் எந்த ஜோக்குக்கும் உதட்டைக்கூடப் பிரிக்காதவள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

பாக்டரியில் என் பக்கத்து லேத்தில் நின்ற நீ, லீவு போட்டுப் போய் நடித்த காளவாய்ப் படத்தை நம் குவார்ட்டர்ஸ் திரைப்படச் சங்கத்தில் முதல் தடவை போட்டு ஆறு வருஷம். சுண்ணாம்பு சுடும் மாசியாக வந்தாய். மொத்தமே நாலு வரி வசனம். உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கையா இப்போது சாணியில்?

சங்கம் கூடி, ஹாலில் மாட்டியிருந்த உன் போட்டோவை இறக்கிவிட்டது. (கூடியது நாலு பேர். மீதி ஏழு பேர் உன் படத்துக்குப் போயிருந்தார்கள்.)

அக்டோபரில் காளவாயை மறுபடி போடுகிறோம். வந்து, இனி இந்த மாதிரிக் கண்றாவியில் நடிக்கமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல். இல்லாவிட்டால் நமக்குள் ஒன்றும் இல்லை.

அருவருப்புடன்,
வேம்புலி


வேலப்பன்சாவடி,
15.8.1989

மச்சான் வேம்புலிக்கு,

பஸ் பிடித்தால் முக்கால் மணி நேரம். அதுக்கு ஒரு லெட்டரா என்று எங்க தபால்காரர் கேட்கிறார். "கூட்டாளி கோவமா கீறான்" என்றேன்.

சாணி நிஜம்தான். மூணு டேக். காளவாய்ப் படத்துக்கு ஒரு மாசம் குளிக்காதே என்று டைரக்டர் சொன்னார், குளிக்கவில்லை. என் பொண்டாட்டி சகாயம்மாள் என்னை ஊட்டுக்குள்ள விடவில்லை, மாட்டுக்கொட்டாய்ல சோறு போட்டாள். மாடு எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தது. அந்த நாத்தம் உனக்குக் கலை, இந்த நாத்தம் குமட்டுதா? திரையில் எதை மோந்து பார்த்தே நீ?

ஒண்ணு சொல்றேன். மாசி கஞ்சி குடித்த மாதிரியேதான் அந்தப் பழத்தைத் தின்றேன். பசிச்சவன் வேற எப்படித் தின்பான்?

அக்டோபருக்கு வரமாட்டேன். வேற எந்தப் படம் போட்டாலும் வருகிறேன். அந்தப் படத்தை அந்த ஹாலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. காரணம் கேட்காதே.

உன்
கிறிஸ்துராஜ்


ஆவடி,
29.8.1989

திரு. கிறிஸ்துராஜ் அவர்களுக்கு,

காரணம் எதற்குக் கேட்க வேண்டும்? வெட்கம். நல்லது, அதுவாவது மிச்சமிருக்கிறதே.

ஒரு தகவலுக்காகத்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் இருபத்து நாலாம் தேதி பட்டணத்தில் திரைப்படச் சங்கங்கள் எல்லாம் கூடுகின்றன. காளவாய் டைரக்டரே மேடையில் இருப்பார். அவர் முன்னால் நான் கட்டுரை படிக்கிறேன். தலைப்பு, ‘செத்தவன் குடித்த கஞ்சி’. பதினாலு பக்கம்.

மாசி செத்துக் கிடக்கிறான். ‘முற்றும்’ என்று எழுத்தும் வந்துவிடுகிறது. யாரும் எதிர்பாராமல் படம் மேலே ஓடுகிறது! அதே மாசி உட்கார்ந்து நிதானமாகக் கஞ்சி குடிக்கிறான். சாவுகூடப் பசியைத் தீர்க்காது என்று உலகத்தில் எவன் இப்படிக் காட்டியிருக்கிறான்? மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் சிலிர்த்தது.

உன் பெயர் இருபத்திரண்டு இடத்தில் வருகிறது. எல்லாவற்றையும் அடித்து ‘ஒரு நடிகர்’ என்று போட்டுவிட்டேன். உன்னைச் சொல்ல வாய் கூசுகிறது.

இப்படிக்கு,
வேம்புலி


வேலப்பன்சாவடி,
4.9.1989

மச்சான்,

அதைப் படிக்காதே. உன் காலில் விழுகிறேன், படிக்காதே.

படத்தில் மாசி கஞ்சி குடிக்கிறான். அப்புறம் சாகிறான். அவ்வளவுதான்டா படம். நம்ம பால்ராஜ் புரொஜக்டரில் கடைசி ரீலை, நாலாவதை, மூணாவதுக்கு முன்னால் மாட்டிவிட்டான்.

முதல் தடவையே எழுந்து சொல்ல வாயைத் திறந்தேன். நீ கையைப் பிடிச்சுகினு அழுதே. என் நடிப்பைப் பார்த்து அதுக்கு முன்னால் ஒருத்தனும் அழுததில்லை. கையை உதற மனசு வரவில்லை. அடுத்த ரெண்டு தடவையும் அதே கூத்து, நானும் கம்முனு இருந்தேன். சாணியில் விழுந்தது குளித்ததும் போச்சு. இது போகலை மச்சான். நினைத்தால் என்மேலேயே எனக்குக் குமட்டும்.

இதைப் படித்ததும் என்னை விட்டுடுவே, தெரியும். மேடையில் உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிக்கிறதுக்கு இது மேல்.

கிறிஸ்துராஜ்


ஆவடி,
2.10.1989

அடேய்,

ஒரு மாசமாக யார் மூஞ்சியையும் பார்க்கவில்லை. ஷேவ் பண்ணும்போது என் மூஞ்சியையும்.

பால்ராஜை நிறுத்திக் கேட்டேன். "ரீல் டப்பாவுல நம்பர் உரிஞ்சி போயிருந்திச்சு அண்ணாத்தே, கைக்கு வந்ததை மாட்டினேன். நீங்க எல்லாம் கைதட்டினீங்க, சரி இதான் போலன்னு அப்புறமும் அப்படியே போட்டேன்" என்றான். பதினோரு அறிவாளிகளுக்கு நடுவில் ‘முற்றும்’ என்றால் முற்றும் என்று தெரிந்தவன் ஒருத்தன் இல்லை. அந்தப் பதினோரு பேருக்குத் தலைவன் நான். தூ!

கூட்டத்துக்குக் காய்ச்சல் என்று தந்தி அடித்துவிட்டேன். பதினாலு பக்கமும் கஸ்தூரியின் சமையல் அலமாரியில் விரிக்கச் சரியாக இருந்தது.

நேற்று அவள் உன் சாணிப் படத்துக்கு மறுபடி இழுத்துப்போனாள். இந்தத் தடவை விசிலடிப்பவர்களைப் பார்க்காமல் உன் வாயை மட்டும் பார்த்தேன். ஒரு கடி. யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று ஒரு பார்வை. அப்புறம் அடுத்த கடி. மாசியேதான். குமட்டிக்கொண்டேதான் பார்த்தேன். கையும் தானாக உன் கையைத் தேடிப் பக்கத்து நாற்காலிக்குப் போனது. கஸ்தூரி, "இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று தட்டிவிட்டாள்.

வருகிற இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் காளவாய். டப்பாக்களில் பால்ராஜ் பாக்டரிப் பெயிண்டால் உள்ளங்கை அகலத்துக்கு நம்பர் போட்டிருக்கிறான். அந்தப் படத்தை நான் இனிமேல்தான் பார்க்கப்போகிறேன். எந்த இடத்தில் அழவேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவேண்டும்.

போட்டோவை மாட்டிவிட்டேன். குளித்துவிட்டு வா.

வேம்புலி