எலிகளுக்கு வைத்த இழைமாவு

உ
காஜா பெராங், மலாக்கா
மார்கழி, 1957

ஆத்தா அவர்களுக்கு மருதப்பன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். ஆராய்ச்சிக்கூடத்துக் காந்தத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். இடுப்புச் சாவியைக்கூட லேசாகத்தான் இழுக்கும். அதன் நடுவே எலியை வைத்து, உடம்பைக் கீறாமலே, கட்டிக்குக் கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா என டாக்டர் கனகசபை முயன்று பார்க்கிறார். அதற்கு என் பொறுப்பில் உள்ள எலிகள் பட்டினி கிடக்க வேண்டும்.

இந்த நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் என்று பிள்ளையார் நோன்பை இங்கே விமரிசையாகக் கும்பிட்டோம். நூல்திரி ஏற்றிய இனிப்பு மாவைச் சுடரோடு விழுங்கி இழை எடுத்துக்கொண்டபோது, கூண்டில் பசியோடு கிடக்கும் பிள்ளையார் வாகனம் நினைவுக்கு வந்தது. மீதி மாவை எல்லாக் கூண்டிலும் கிள்ளி வைத்துவிட்டேன். மறுநாள் நானே டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"தின்னுட்டதால கணக்கு கெட்டுப்போச்சு. இந்த எலிங்க இனிமே ஆகாதுலா, மருதப்பா. எல்லாத்தையும் கொன்னுட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்" என்றார்.

அதையும் நான்தான் செய்தேன். நான் வைத்த மாவே அவற்றுக்கு வாய்க்கரிசி ஆயிற்று.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. கப்பலில் வருகிறவர்களிடம் ஊறுகாயும் சீயக்காயும் கொடுத்துவிடுங்கள். அதிரசம் வேண்டாம், ஆத்தா. புது எலிகள் வந்துவிட்டன. கையில் இனிப்பு இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

மருதப்பன்