அடியில் வெள்ளை அடித்த கார்

இன்று காலை, வண்டித் தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு நின்ற வரிசையில், நம்முடையதைத் தவிர எல்லா வண்டியிலும் ஒரே வாசனை. அடித்து இன்னும் காயாத கறுப்புப் பெயிண்ட். அது மூக்கில் ஏறியதும், அந்த வாசனைக்கு நீங்கள் சுளிக்கிற முகம்தான் நினைவுக்கு வந்தது.

சின்னக் காருக்குள் பெரிய இன்ஜின் வைத்த அந்தச் சிவப்பு வண்டியை நீங்கள் வாங்கி வந்த அன்று நம் ஊர் அனுமந்தையே சிரித்தது. உப்பளத்துக்குப் போக இத்தனை வேகம் எதற்கு என்றார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மிதி மிதித்தீர்கள். கத்தினேன். பிறகு, "இன்னொரு தரம்" என்றேன்.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். உப்புப் பிடிக்கக் கூடாதென்று தினமும் வண்டியின் அடியில் தண்ணீர் பீய்ச்சினீர்களே, அது நம் வீட்டு போர் தண்ணீர். குளித்தாலே முடி பிசுபிசுக்கிற தண்ணீர்! உப்பை உப்புத் தண்ணீரில் கழுவ உப்பளத்துக்காரரைத் தவிர யாருக்குத் தோன்றும்? பதினைந்து வருஷம் முடிந்து முதல் எஃப்.சி.க்காக வண்டியைத் தூக்கிப் பார்த்தால், என் இருக்கைக்குக் கீழே தகடு கையோடு உதிர்ந்தது.

"பிளாக் அடிச்சி உட்டுடலாம் சார், எவன் பாக்கப் போறான்?" என்றார் மெக்கானிக்.

"ஏம்பா, என் பொண்டாட்டி உக்கார்ற எடம்பா அது!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் அவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார்.

துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைத்து, அடி முழுக்க வெள்ளை அடித்தீர்கள். "வெள்ளையில துரு வந்தா உடனே தெரியும்" என்றீர்கள். அதன் பிறகு கழுவுவதற்கு வானூரிலிருந்து கேனில் நல்ல தண்ணீர் வந்தது. அன்றைய இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, சிரித்து, கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வருஷம் கழித்து, இன்று வந்தவர் வேறு. பிரேக் சரி, புகை சரி, விளக்கு சரி. குனிந்தார், நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இது, ஒட்டுப் போட்ட வண்டியா? பாக்கவே நல்லா இல்ல. பிளாக் அடிச்சி எடுத்துட்டு வாங்க."

"தகடு கெட்டியா இருக்குது சார். தட்டிப் பாருங்க."

தட்டவில்லை. எனக்கு முன்னால் நின்றது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன். அடியில் பளபளவென்று கறுப்பு. அதற்குக் கையெழுத்தாகிவிட்டது. கிளம்பிய குலுக்கலில் துருச் செதில் ஒன்று பெயிண்டோடு என் காலடியில் விழுந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உங்க வண்டியப் பத்தி மட்டும் பேசுங்கம்மா."

செதிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிள்ளைகளின் காலுக்குக் கீழே ஓட்டையை மூடியவனுக்கு அனுமதி. ஒட்டுப் போட்டதை ஒளிக்காத நமக்கு அவமானம்!

சாயங்காலம் உங்கள் தம்பி வந்தார். "ஒரு டின் பெயிண்ட்டு தான அண்ணி? இல்லன்னா வண்டி காயலான் கடைக்குத்தான் போவும்" என்றார். நல்லதற்குத்தான் சொல்கிறார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அந்தச் செதிலோடு மேலதிகாரியைப் பார்க்கப் போகிறேன், இதே வெள்ளையோடு.

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு நான்தான் ஓட்டுகிறேன். நீங்கள் தகடு மாற்றிய அந்த இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. இருந்தாலும் அதற்குக் கீழே கறுப்பு அடிக்க ஒருத்தனையும் விடமாட்டேன்.