நைனாவின் தலையை வேண்டிக்கொண்டேன்

திருத்தணி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. தணிகை முருகன் புண்ணியத்தில் நான் நலம், நைனா பாதி நலம் என்று வைத்துக்கொள். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை திலீப்பும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் நைனாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் குழம்பில் குற்றம் சொல்லாமல் அந்த மனுஷன் எழுந்ததில்லை, உனக்கே தெரியும். ஆடி மாதத்தோடு அது நின்றுபோனது. எதைக் கேட்டாலும் ஆங், எதைப் போட்டாலும் சாப்பிடுவார். சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் வாசலைத் தாண்டாதவர் தலைக்குச் சாயம் போடுவதையும் விட்டுவிட்டார். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பிறகு பயம் வந்துவிட்டது. வேண்டுமென்றே காரக்குழம்பில் சர்க்கரையைக் கொட்டினேன், சாப்பிட்டார். அவருக்கு ஆகவே ஆகாத என் தம்பியைத் தங்கமான மனுஷன் என்றேன், ஆங் என்றார். சண்டை போட ஆளில்லாமல் எனக்கும் சோறு இறங்கவில்லை, சீரியல்கூடப் பிடிக்கவில்லை.

அரக்கோணத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்டார். "சுத்தமா இல்லீங்க" என்றேன். நல்லதுதானே என்கிறார். "அதாங்க வியாதியே" என்று அழுதுவிட்டேன். மனச்சோர்வு ஒருத்தருக்கு வந்தால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஆட்டிவைக்குமாம், இரண்டு பேருக்குள் பேச்சு நின்றால் அது இன்னும் வளருமாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரையோடு விட எனக்கு மனசில்லை. மலையேறிப் போய், முருகா, இவர் என்னை ஒரு வார்த்தை திட்டட்டும், இவர் தலையை உனக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் முடியைக் கொடுக்கலாம்தான், அந்த எலிவாலை வைத்துக்கொண்டு சாமி என்ன செய்யும். சில வாரம் கழித்து மெதுவாக அவரிடம் சொன்னேன் பார், "யாரைக் கேட்டுடி என் தலைய வேண்டிக்கினே, உங்கப்பன் ஊட்டுத் தலையா இது" என்று தெருவே அதிரக் கத்தினார். அதுவரை சாப்பிட்ட சர்க்கரைக் குழம்புக்கும் சேர்த்துத் திட்டினார். நான் கரண்டியும் கையுமாக நின்று சந்தோஷத்தில் அழுகிறேன், பக்கத்து வீட்டு கெங்கம்மாள் விலக்கிவிட ஓடி வருகிறாள். "நீ போக்கா, நல்லாத் திட்டிக்கினு கீறாரு, கெடுத்துடாதே" என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது மொட்டைக்கு வர மாட்டேன் என்கிறார். தேறியது மாத்திரையால்தானாம், "வேணும்னா டாக்டருக்கு மொட்டை அடி" என்கிறார். அதை டாக்டரிடமே சொன்னேன், அவர் தன் தலையைத் தடவிக்கொண்டார். ஆனாலும் சில நாள் விடிந்தும் எழாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மாத்திரையை நிறுத்தக் கூடாதாம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் என்னோடு சண்டை போட்டு எத்தனை மாதம் ஆகிறது? இளைத்துவிட்டாய் என்றாலும் சரிம்மா, மாப்பிள்ளை முகமே சரியில்லையே என்றாலும் சரிம்மா. எங்களுக்குள் சண்டையே கிடையாதும்மா என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்கு அந்தச் சர்க்கரைக் குழம்புதான் ஞாபகம் வந்தது. அதனால் நேற்று மலைக்குப் போய் உன் தலையையும் மாப்பிள்ளை தலையையும் சேர்த்தே வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயும் நல்ல டாக்டர் இருப்பார், இரண்டு பேருமாகப் போய்ப் பாருங்கள்.

முருகன் உங்களைக் கலகலவென்று வைக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, முடி கொட்டினால் சாமிக்குத்தான் குறையும். இதைப் படித்த உடனே போன் போட்டு மறவாமல் என்னைத் திட்டவும். சரிம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா பாஞ்சாலி