கோழிக்கூட்டில் தவமிருந்த சாமியார்

அன்பு மகள் நெசாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் ஒன்பது கோழிகளும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அது அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பெர்த்தில் நீயும் சுகம்தானே, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் பேசினால் உன் அப்பா பின்னால் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துவார். இப்போது ஆடுகளைப் பார்க்க மலைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

விஷயம் நம் கோழிக்கூடு. நீ பிறப்பதற்கு முந்தின கோடையில் அப்பாவும் பக்கத்து நிலத்துக் கோர்மாக்கும் சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்டினார்களே, அதுதான். கோர்மாக் நிலத்தில் இருக்கும் பழங்காலத் துறவிகளின் குடிசைகள் போலவே உருண்டையாக வரவேண்டும் என்று அப்பாவுக்கு அப்போது ஒரு வீம்பு. வந்தும் தொலைத்தது. அந்த நிஜக் குடிசைகளைப் பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் வழி தவறி நம் கேட்டில் நின்று, கூட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவது உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அப்பா பொய் சொல்லவில்லை, வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். நீ ஆஸ்திரேலியா போனபிறகு வாயும் திறந்துவிட்டது. இதுக்குள்ள ஒரு சாமியார் நாப்பது நாள் கடல்பாசியை மட்டும் தின்னு தவம் இருந்தாரு என்று தொடங்கினார், போன வருடம் அந்தச் சாமியாருக்கு மீன்களோடு பேசும் சக்தியும் வந்துவிட்டது. ஒரு ஜெர்மன்காரம்மா உள்ளே மண்டியிட்டு ஜெபித்துவிட்டு, முட்டியெல்லாம் கோழி எச்சத்தோடு கண்கலங்கி வெளியே வந்தாள். நான் அடுப்படிக்குள் ஓடிப்போய்த் துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். தன் குடிசைகளுக்கு வரவேண்டிய கூட்டம் இங்கேயே நின்றுவிடுகிறதே என்று கோர்மாக்குக்கு வயிற்றெரிச்சல், மூன்று வருடமாக நம் வீட்டோடு பேச்சு கிடையாது.

இப்படி இருக்கையில் போன மாதம் டப்ளினிலிருந்து தொல்பொருள் அதிகாரி ஒருத்தி வந்தாள், கிளீனா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். நாடா பிடித்து அளந்தாள், உள்ளே தவழ்ந்தாள், இவ்வளவு முழுசா நிக்கிற ஒண்ணை நான் பார்த்ததே இல்லைங்க, பதிவேட்டுல சேர்த்துடறோம் என்றாள். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். பதிவாகிவிட்டால் கூடு நிற்கும் மேட்டு வயலில் எங்கேயும் அஸ்திவாரம் தோண்ட விடமாட்டார்கள் என்று அவள் சொன்னதும் பல் எல்லாம் உள்ளே போய்விட்டது. உனக்கு வீடு கட்டவென்று பத்து வருடமாக ஒரு சாண் நிலம்கூட விற்காமல் வைத்திருக்கிறாரே, அந்த வயல்தான். உடனே, அம்மா தாயே, இது கோழிக்கூடு, நான்தான் கட்டினேன் என்றார். அவள் சிரித்தாள். வீடு கட்ட நினைக்கிற விவசாயிங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, போன வாரம் ஒருத்தர் ஒரு கல்லறையையே தாத்தா கட்டின பன்றிக்கொட்டகைன்னாரு என்றாளாம். கோழிகளைக் காட்டினார். கோழிக்கென்ன, திறந்திருந்தா கோட்டைக்குள்ளயும்தான் நுழையும் என்றாள். இத்தனை வருடம் புளுகியதை ஊர் உலகமே நம்பியது, ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. கட்டும்போது கூட இருந்த யாராவது சாட்சி சொன்னால் பார்க்கலாம் என்று பத்து நாள் கெடு கொடுத்துவிட்டுப் போனாள்.

கூட இருந்தது கோர்மாக் ஒருவன்தான். அவன் வாசப்படி மிதிக்கிறதுக்குப் பதிலா அந்தச் சாமியாரே வயலை வச்சுக்கட்டும் என்று அப்பா மூன்று நாள் முறுக்கிக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். நான்காம் நாள் முகம் மழித்து, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. கோர்மாக் பழையபடி அப்பாவை மாஸி என்று பெயர் சொல்லியே கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னானாம், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல எல்லார் முன்னாடியும் நீயே சொல்லிடு மாஸி, அப்புறம் நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்.

அந்த ஞாயிறு மழைகூட இல்லை, அதனால் ஒருத்தரும் வீட்டுக்கு ஓடவில்லை. அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்க வயல்ல எந்தச் சாமியாரும் இருந்ததில்லை, கோழிதான் இருந்துச்சு, நான் சொன்னதெல்லாம் புளுகு என்றார். பிறகு தபால் நிலையத்து நோரின், அப்ப மீனோட பேசினது யாரு மாஸி, சேவலா என்று கேட்டாள் பார், பாதிரியார்கூடக் கதவுப் பக்கம் திரும்பி நின்று குலுங்கினார். அப்பாவுக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் யார் முன்னாலும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை, உனக்காகக் குனிந்தார்.

கோர்மாக் சொன்ன சொல் தவறவில்லை. உச்சியில் இருக்கும் மூடுகல் ஆடாமல் இருக்க அன்றைக்குத் தன் புகையிலை டப்பாவை நசுக்கி அடியில் செருகினானாம், அதைக் கிளீனாவையே உருவச் சொன்னான். அவள் உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தக் காலத்துத் துறவிங்களுக்கு இதெல்லாம் கிடைச்சிருக்காதே என்று புல்லிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பதிவேட்டில் சேர்க்கும் பேச்சு போயிற்று, வயல் பிழைத்தது. ஊரில் இப்போது அப்பாவுக்குப் பெயரே சாமியார்தான், கோர்மாக்கும் சாயங்காலம் தேநீருக்கு வந்து அப்படித்தான் கூப்பிடுகிறான்.

இதோடு அந்த வயலில் உனக்கு வீடு கட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பம் வைத்திருக்கிறேன். குடியிருக்கப் போகிறவர்களுக்குத்தான் அனுமதி கிடைக்குமாம், அதனால் ஊருக்குத் திரும்பி இந்த வீட்டில் குடியிருப்பேன் என்று நீதான் கையெழுத்துப் போடவேண்டும். அப்பா உன்னிடம் கேட்கமாட்டார், கேட்டால் மாட்டேன் என்றுவிடுவாயோ என்று பயம். நேற்று வயலில் குச்சி நட்டு, உன் சமையலறை ஜன்னல் தீவுகளைப் பார்த்து இருக்கவேண்டும் என்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து கிறிஸ்துமஸாக நீ வரவில்லை, அங்கே உனக்கென்று ஒரு வாழ்க்கை அமைந்திருக்கலாம், அது எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கு நீ வரவேண்டும், அதை ஒளிக்கவில்லை. வர மனமிருந்தால் கையெழுத்துப் போட்டு மார்ச் பத்துக்குள் கிடைக்கும்படி அனுப்பு. இல்லையென்றால் ஒன்றும் எழுதவேண்டாம், தாளை அப்படியே திருப்பி என் பெயருக்கு அனுப்பிவிடு. தபாலில் தொலைந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிக்கொள்கிறேன். அவர் புளுகுவதை விட்டுவிட்டார், இந்த ஒன்றை நான் புளுகிக்கொள்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் கடவுள் உன் கூடவே இருக்கட்டும், கண்ணே.

உன் அம்மா,
கோப்னெட்