நான்காவது கோடு

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டு உன் கையில் எப்படி வந்தது என்று கேட்க மாட்டேன். காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதே. வெங்கிட்டு அண்ணாவிடம் காட்டவே காட்டாதே. அவனுக்கும் அம்மாவுக்கும் மலையாளம்தான் படிக்க வரும். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

இன்றைய ரகசியம் சின்னது. தோப்பும்படி மீன் கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை அண்ணாவுடையது. அங்கே நான்கு குளிர் அறைகள். ஒவ்வொன்றின் குளிரும் ஒரு கோடாகத் திரையில் ஓடும். அந்தத் திரை மணிக்கொரு முறை படமாக வாட்ஸ்அப் குழுவுக்கு வரவேண்டும் என்றார் முதலாளி ஆனந்தகுமார். கிடங்கு கம்ப்யூட்டர் கிழடு. படம் வரையச் சொன்னால் நின்றுவிடுகிறது. ஆகவே வரையும் வேலை மட்டும் மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு. கிடங்கு கேட்கும், இது அங்கே கோடுகள் ஓடும் பக்கத்தைத் திறந்து, படமெடுத்துத் திருப்பி அனுப்பும்.

அண்ணாவுக்கு மூன்று நாளாக இது கைவரவில்லை. நான் வீட்டிலேயே ஒரு பயிற்சிப் பக்கம் செய்து, பொய் எண்கள் போட்டுப் பழகி, இன்று ஓடவைத்துவிட்டேன். பிளஸ் ஒன் படிக்கிறவள் செய்தாள் என்று வெளியே தெரிந்தால் அவன் மானம் போய்விடுமாம்.

"நீ யார்ட்டயும் மிண்டப்படாது, கேட்டியா?" என்றான். வாயையே திறக்கக் கூடாதாம்.

நவம்பர் 4

படம் வருகிறது! அண்ணாவின் வாட்ஸ்அப் இந்தக் கம்ப்யூட்டரில் திறந்தே கிடப்பதால் எல்லாம் பார்க்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் முதலாளி ஒரு கட்டைவிரல். ராத்திரி ஆபரேட்டர் ஒச்சப்பன் அண்ணன் ஒரு கட்டைவிரல். இதுவரை அவர் மணிக்கொரு முறை ஒவ்வொரு கதவிலும் குளிர் காட்டும் முள்ளைப் பார்த்துச் சாக்பீஸால் எழுதிவந்தார். இனி படம் பார்த்தால் போதும் என்றுவிட்டார்கள்.

"என் முட்டிக்கு வைத்தியம் பாத்துட்டீங்க தம்பி" என்று அண்ணாவுக்குக் குரல் அனுப்பியிருக்கிறார். உசிலம்பட்டிப் பேச்சு. நான் வைத்தியர்! அண்ணா சூடாக நேந்திரம் பழம்பொரி வாங்கித் தந்தான்.

நவம்பர் 6

கெமிஸ்ட்ரி டெஸ்ட். வேறொன்றுமில்லை.

நவம்பர் 8, சனி

நான்காவது அறையில் இறால் முழுவதும் அழுகிவிட்டது. கதவைத் திறந்தவர்கள் வாந்தி எடுத்தார்களாம். நேற்று இரவு வரை படத்தில் எல்லாம் மைனஸ் பதினெட்டு. அப்படியானால் ராத்திரி ஒச்சப்பன்தான் மெஷினை வேண்டுமென்றே அணைத்திருக்கிறார் என்கிறார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் போலீஸ்.

"படம் கள்ளம் சொல்லுமா ஓய்?" என்று முதலாளி கேட்டாராம். "நான் கள்ளஞ் சொல்லுவேனா சார்?" என்று திருப்பிக் கேட்டாராம் ஒச்சப்பன் அண்ணன். அம்மாவிடம் இதைச் சொன்ன அண்ணா சோற்றைத் தொடவில்லை.

ஒரே ராத்திரியில் இவ்வளவு நாறுமா?

இரவு 11.40

பெரிய திரையில் படத்தைத் திறந்து கோடுகளை எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்று.

என் பயிற்சிப் பக்கத்தில்தான் மூன்று அறைகள். சோம்பலில் நான்காவது போடவில்லை.

படமெடுக்க வேண்டிய பக்கத்தின் முகவரியாகக் கிடங்கு கம்ப்யூட்டர் 'இதே கம்ப்யூட்டர்' என்று எழுதி அனுப்புகிறது. நான் மாற்றவில்லை. அதைப் படிப்பது எங்கள் வீட்டு மெஷின் அல்லவா? அது தன்னிடமே வந்து, என் பொய் எண்களைத் திறந்து, படமெடுத்து அனுப்பியிருக்கிறது. ஐந்து நாள். ஐந்து நாளும் கட்டைவிரல். ஒருவர்கூட எண்ணவில்லை. நானும்.

கடவுளே, அந்த மனுஷன் கதவுக்கே போகாமல் என்னை நம்பி உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 9

அண்ணாவிடம் சொன்னேன். அவன் அதிர்ச்சி அடையவில்லை. அவனுக்கு நேற்றே தெரியும்! இறால் அழுகிய பிறகு கிடங்குத் திரையில் பழைய நாட்களைத் தேடி, நான்காவது கோடு வியாழக்கிழமையே ஏறத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறான்.

"அப்போ ஒச்சப்பன் அண்ணன்?"

"அவர் வேற எடத்துல சோலி பாத்துப்பார்டி. என் சோலி போனா நாம என்ன பண்ணுவோம்? மிண்டாம கெட."

என் கண் முன்னால் பயிற்சிப் பக்கத்தை அழித்தான். என் அண்ணாவா இது?

நவம்பர் 10, திங்கள்

காலையில் அம்மாவின் போனிலிருந்து முதலாளிக்குக் குழுவில் வந்த பழைய படம் ஒன்றை அனுப்பினேன். மலையாளத்தில் எழுதினேன்: 'இதில் எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள். இதை அமைத்தது நான், வெங்கிடராமனின் தங்கை. ஒச்சப்பன் அண்ணன் ஒன்றும் செய்யவில்லை.' இரண்டு நீல டிக்.

ஐந்து மணிக்கு அண்ணாவைக் கிடங்குக்குக் கூப்பிட்டார்கள். இன்னும் வரவில்லை.

ஆறு மணிக்குக் குழுவில் முதலாளி: 'ஒச்சப்பா, டியூட்டிக்கு வா.' அவ்வளவுதான்.

முகவரியை நானே திருத்தினேன். பத்து மணிப் படத்தில் நான்கு கோடுகள். மூன்று கீழே, நான்காவது தனியாக மேலே. முதலாளி கட்டைவிரல் போட்டார். ஒச்சப்பன் அண்ணன் போடவில்லை. கதவில் புதிதாகச் சாக்பீஸால் எழுதிய எண்களைப் படம் பிடித்துப் போட்டு, கீழே குரலும் அனுப்பியிருந்தார்: "மூணு ரூமும் நேர்ல பாத்தாச்சு. நாலு காலி."

அதை நான்கு முறை கேட்டேன்.

பைக் சத்தம். படிக்கட்டில் அவன்தான். அம்மா ஏதோ கேட்கிறாள், நிற்காமல் ஏறி வருகிறான். என் கதவைத் தட்டுகிறான். "தொறடி." திட்டும் குரல் இல்லை. அழுதிருக்கிறான். நோட்டை மூடிவிட்டுத் திறக்கிறேன்.